ஐரோப்பிய ஒற்றுமைக்கு நம்மால் என்ன செய்ய முடியும்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தின் ரெபுப்ளிக் சதுக்கத்தில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1936-இல் திறந்தது. ஒரு தாய், அவள் மடியில் இரண்டு மகன்கள். இருவருக்கும் உயிர் பிரிந்துகொண்டிருக்கிறது. ஒருவன் ஜெர்மனிக்காகப் போரிட்டவன், மற்றவன் பிரான்சுக்காக. உடம்பில் சீருடை இல்லாததால் எவன் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாகிற நேரத்தில் ஒருவன் கையை மற்றவன் பிடித்திருக்கிறான். பிரான்சின் மற்ற ஊர்களில் இப்படிப்பட்ட கல்லில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று பொறித்திருக்கும். இங்கே 'இறந்துபோன நம்மவர்களுக்கு' என்பதோடு நின்றுவிட்டது. எந்த நாட்டுக்காக என்று எழுத இடமில்லை. 1871-க்கும் 1945-க்கும் இடையில் நகரம் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே நான்கு முறை கை மாறியது.

நான் ரைன் ஆற்றுக்கு இந்தக் கரையில், கேல் என்ற சின்ன ஜெர்மன் ஊரில் இருக்கிறேன். 2017 ஏப்ரலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் பாலத்தைக் கடந்து எங்கள் ஊருக்குள் வருகிறது. காய்கறிப் பையோடு ஏறுகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நாடு விட்டு நாடு போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போய் வருகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். டிராம் அக்கரையோடு நின்றுபோனது. தினமும் கடந்த ஆற்றை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்ற அந்த வாரங்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தத் திறந்த எல்லை மலை மாதிரி தானாக நிற்கிற பொருள் இல்லை. மனிதர்கள் கையெழுத்துப் போட்டுத் திறந்தது, மனிதர்கள் கையெழுத்துப் போட்டால் மூடிவிடும்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 52-க்கு 48 என்ற கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் முடிவு வந்தது. ஒன்றியத்துக்காக லட்சக்கணக்கான பேர் லண்டன் தெருக்களில் இறங்கியது 2018-லும் 2019-லும், அதாவது வாக்கெடுப்பு முடிந்த பிறகு. ஒன்றியத்தால் பலன் பெறுகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கோபமாக இருப்பவர்கள் தினமும் பேசுகிறார்கள். இந்த வழிகாட்டியை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களில் பலர் 'இது வெள்ளைக்காரர்கள் விவகாரம், நமக்கு எதற்கு' என்று ஒதுங்கியே இருக்கிறோம். பாரிஸில் அக்கா, டோர்ட்முண்டில் தம்பி, கோபன்ஹேகனில் சித்தப்பா என்று குடும்பமே எல்லைகளுக்குக் குறுக்கே பரவிக் கிடக்கிற நமக்கு இது சொந்த விவகாரம்தான்.

எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை. படித்துவிட்டு, உங்களுக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. ஷெங்கன் என்பது வேறு, எல்லையில் சோதனை இல்லாத பகுதி அது. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனில் உண்டு, ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் 'ஐரோப்பிய கவுன்சில்' என்று இன்னொரு அமைப்பும் இருக்கிறது. 46 நாடுகள் கொண்ட, 1949-இல் தொடங்கிய மனித உரிமை அமைப்பு. ஒன்றியத்துக்கும் அதற்கும் கொடி ஒன்றுதான் என்பதால் செய்தியாளர்களே குழப்பிக்கொள்வார்கள்.

ஒன்றியத்துக்குள் சட்டம் பிறக்கும் வழி இது: ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவைக் கொண்டுவருகிறது. நாம் வாக்களித்து அனுப்பும் ஐரோப்பிய நாடாளுமன்றமும், நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றமும் சேர்ந்து அதைத் திருத்தி நிறைவேற்றுகின்றன. 'பிரஸ்ஸல்ஸ் (ஒன்றியத்தின் அலுவலகங்கள் இருக்கும் பெல்ஜிய நகரம்) இப்படிச் செய்துவிட்டது' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அந்த மேசையில் அவர் நாட்டு அமைச்சரும் உட்கார்ந்திருந்தார் என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டாலே எந்தக் கதவைத் தட்டுவது என்று புரிந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் 'யூரோப் டைரக்ட்' என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது: 00 800 6 7 8 9 10 11. ஒன்றியத்தின் 24 அதிகாரபூர்வ மொழிகளில் எதில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். பல நகரங்களில் அதே பெயரில் தகவல் மையமும் உண்டு. நேரே போய் உட்கார்ந்து பேசலாம்.

2. உங்கள் கையில் என்ன உரிமை இருக்கிறது?

உங்களிடம் ஒன்றிய நாடு ஒன்றின் பாஸ்போர்ட் இருந்தால் நீங்கள் ஐரோப்பியக் குடிமகன், குடிமகள். 1992-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் தந்த தகுதி இது. வேறு ஒன்றிய நாட்டில் குடியிருந்தாலும், அங்கே நடக்கும் உள்ளாட்சித் தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் நீங்கள் வாக்களிக்கலாம், வேட்பாளராகவும் நிற்கலாம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று இங்கேயே மூடிவிட வேண்டாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனுப் போடுவது, ஒன்றிய அலுவலகங்கள் மீதான குறைகளை விசாரிக்கும் ஐரோப்பிய முறைகேள் அதிகாரியிடம் புகார் கொடுப்பது, ஆணையத்தின் கருத்துக்கேட்பில் எழுதுவது, சங்கத்தில் சேருவது, ஊர்வலத்தில் நடப்பது இவற்றில் எதற்கும் பாஸ்போர்ட் தடையில்லை. டென்மார்க், சுவீடன், நெதர்லாந்து, பெல்ஜியம், அயர்லாந்து போன்ற நாடுகளில் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை உண்டு. குடியிருந்த காலம் பற்றிய நிபந்தனைதான் நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்தில் 5 ஆண்டுகள். அந்த நாடுகளில் பல ஆண்டுகளாக இருக்கும் நம்மவர்களில் இது தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. வாக்கு

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களிப்பது 1979-இல் தொடங்கியது. 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. கடைசியாக 2024 ஜூன் 6 முதல் 9 வரை நடந்தது, அடுத்தது 2029-இல். மொத்தம் 720 உறுப்பினர்கள், அதில் ஜெர்மனிக்கு 96, பிரான்சுக்கு 81. 2024-இல் ஒன்றியம் முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர்தான். வாக்களிப்பது கட்டாயமான பெல்ஜியத்தில் 89 சதவீதம். குரோவேஷியாவில் 21 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது.

தேர்தலுக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டோடு இன்னொரு நாட்டில் குடியிருப்பவர் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிட மாட்டார். உதாரணமாக, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய தமிழர் ஒருவர் வேலைக்காக ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே ஐரோப்பியத் தேர்தலில் வாக்களிக்க விரும்பினால், முதல் முறை நகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு 21 நாள் முன்பு வரைதான் அவகாசம். ஒரு முறை சேர்ந்துவிட்டால் அடுத்த தடவைகளில் அறிவிப்பு வீட்டுக்கே வந்துவிடும். இரண்டு நாட்டிலும் வாக்களிப்பது குற்றம், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் 16 வயதுப் பிள்ளை இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், மால்டா ஆகிய நாடுகளில் இந்தத் தேர்தலுக்கு வாக்களிக்கும் வயது 16. கிரேக்கத்தில் 17.

வாக்களிப்பதோடு நிற்காமல் வாக்குச்சாவடியில் உதவவும் செய்யலாம். ஜெர்மனியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் நகராட்சி ஆள் தேடி அலைகிறது. வாக்குரிமை உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். அன்று ஒரு சின்னத் தொகையும் தருவார்கள், அதற்கு 'இளைப்பாறும் பணம்' என்ற அர்த்தத்தில் அழகான ஒரு பெயர் உண்டு. ஒரு நாள் முழுக்க ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து சீட்டுப் போடுவதைப் பார்த்து, மாலையில் மேசையில் கொட்டி எண்ணிப் பாருங்கள். ஜனநாயகம் பற்றி நூறு உரை கேட்டாலும் அந்த உணர்வு வராது.

4. உங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம்

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மக்கள் மிகவும் தயங்குவதும் இதற்குத்தான், இதில் எனக்குக் கிடைத்த அளவுக்குப் பலன் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

ஒரு முறை பாரிஸில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் கிளம்பினோம். இரண்டு நிறுவனங்களின் ரயில், இரண்டு தனி டிக்கெட். முதல் ரயில் தாமதம், இரண்டாவதைத் தவறவிட்டோம். தனித்தனி டிக்கெட் என்பதால் இணைப்பை விட்டதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. புதிதாக டிக்கெட் வாங்கிப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் ஒன்றியச் சட்டம் எங்களைக் காப்பாற்றியிருக்கும். நாடு தாண்டும் பயணத்துக்கு ஒரே டிக்கெட்டாகக் கிடைப்பதே பல தடங்களில் கஷ்டமாக இருக்கிறது. சரி, இதை யாரிடம் சொல்வது?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் எல்லா உறுப்பினர்களின் பெயரும் நாடுவாரியாக இருக்கும். ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதும் அங்கேயே தெரியும். ரயில் விவகாரம் என்றால் போக்குவரத்துக் குழுவில் இருக்கும் உங்கள் நாட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பகுதிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. கட்சி உங்களுக்குப் பிடிக்காத கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும். முதல் வரியில் நீங்கள் யார், எந்த ஊர். அடுத்து உங்களுக்கு என்ன நடந்தது, தேதியோடு. அதற்கு அடுத்து, அவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். 'எல்லை தாண்டும் ரயிலுக்கு ஒரே டிக்கெட் கட்டாயம் என்று சட்டம் வரும்போது நீங்கள் ஆதரவாக வாக்களிப்பீர்களா?' என்பது போல, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். 'ஐரோப்பா சீரழிந்துவிட்டது' என்ற மாதிரிக் கடிதங்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன, அவற்றுக்குப் பதில் எழுத முடியாது. எங்கேயோ எடுத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டி அனுப்புவதும் வீண். உங்கள் சொந்த வார்த்தைகள் கொச்சையாக இருந்தாலும் அவைதான் படிக்கப்படும். இலக்கணப் பிழைக்காக வெட்கப்படவே வேண்டாம்.

மூன்று வாரம் பொறுங்கள். பதில் வராவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பதில் வந்தால் நன்றி எழுதுங்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் உங்கள் பெயர் அந்த அலுவலகத்தில் நினைவில் நிற்கும். எனக்கு முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதுக்கு இரண்டு பக்கப் பதில் வந்தது, தொகுதி அலுவலகத்துக்கு வந்து பேசும்படி அழைப்பும் இருந்தது. போய் அரை மணி நேரம் பேசினேன். சட்டம் மாறிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அவர் கூட்டம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அழைப்பு வருகிறது, நான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நாடாளுமன்றத்தையே போய்ப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஆண்டுக்கு 12 முழு அமர்வுகள் நடக்கும். அடையாள அட்டையோடு போனால் இலவசமாக மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்கலாம். ஒரு உறுப்பினரின் அழைப்பில் குழுவாகப் போனால் பயணச் செலவில் ஒரு பங்கும் கிடைக்கும். ஊர்த் தமிழ்ப் பள்ளியோ சங்கமோ இதை ஏற்பாடு செய்யலாம். பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் 2017-இல் திறந்த ஐரோப்பிய வரலாற்று இல்லத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

5. பத்து லட்சம் கையெழுத்தில் ஒன்று

ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம் தந்து, 2012-இல் நடைமுறைக்கு வந்த ஒரு வழி 'ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி'. 12 மாதத்துக்குள் 10 லட்சம் கையெழுத்துச் சேர வேண்டும், அதில் குறைந்தது 7 நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்ட வேண்டும். ஜெர்மனிக்கு 69,120, மால்டாவுக்கு 4,320. அப்புறம் ஆணையம் அதைத் தூக்கிக் குப்பையில் போட முடியாது. அமைப்பாளர்களைச் சந்தித்து, நாடாளுமன்றத்தில் பொது விசாரணை நடந்து, 6 மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வென்றது தண்ணீர் பற்றிய முன்முயற்சி. தண்ணீர் மனித உரிமை, அதை வியாபாரப் பண்டமாக்காதே என்று பொதுச் சேவை ஊழியர்களின் சங்கங்கள் தொடங்கியது. 2013 முடிவில் 16 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்தோடு ஆணையத்திடம் போனது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனாலும் 2020 டிசம்பரில் புதிய குடிநீர்ச் சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீரின் தரத்தை உயர்த்துவதும், எளியவர்களுக்கும் தண்ணீர் கிடைக்கச் செய்வதும் அதில் இடம்பெற்றன. கையெழுத்திலிருந்து சட்டத்துக்கு 7 ஆண்டு. பொறுமை வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இதில் கையெழுத்துப் போட ஒன்றியக் குடியுரிமை தேவை. ஆணையத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நடப்பில் உள்ள முன்முயற்சிகளின் பட்டியல் இருக்கும். படித்துப் பார்த்து, உங்களுக்குச் சரி என்று பட்டதில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. தனியார் மனுத் தளங்களில் போடும் கையெழுத்துக்கு இந்தச் சட்ட பலம் கிடையாது. இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

6. மனுவும் கருத்துக்கேட்பும்

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனு எழுத ஒருவர் போதும், கூட்டம் தேவையில்லை. ஒன்றியத்தில் குடியிருந்தால் எந்தப் பாஸ்போர்ட் என்றாலும் சரி. விஷயம் மட்டும் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வருவதாக இருக்க வேண்டும்: சுற்றுச்சூழல், நுகர்வோர் உரிமை, ஒரு நாட்டில் பெற்ற தொழில் தகுதியை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வது போன்றவை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 24 மொழிகளில் எதிலும் எழுதலாம், கட்டணம் இல்லை. ஒன்றியத்தின் அலுவலகமே உங்களை நியாயமற்று நடத்தினால், பதில் தராமல் இழுத்தடித்தால், அதற்கு முறைகேள் அதிகாரி இருக்கிறார். இரண்டுக்கும் படிவம் இணையத்திலேயே உண்டு.

ஆணையம் புதுச் சட்டம் எழுதும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2018 கோடையில், ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் தள்ளி வைப்பதை நிறுத்தலாமா என்று கேட்டது. 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள், அதற்கு முன் அப்படி ஒரு எண்ணிக்கை வந்ததே இல்லை. பெரும்பான்மை நிறுத்தச் சொன்னது, நாடாளுமன்றமும் 2019-இல் ஆமோதித்தது. நாடுகளின் அமைச்சர்கள் மன்றத்தில் உடன்பாடு வரவில்லை. அது அங்கேயே சிக்கிக்கொண்டது. இதைப் பார்த்துச் சோர்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். நான் அவர்களுக்குச் சொல்வது: அடுத்த கேள்வியை உங்கள் நாட்டு அமைச்சரிடம் கேளுங்கள். கதவு மூடியிருப்பது அங்கேதான்.

7. ஒரு சங்கத்தில் சேருங்கள்

இதற்கென்றே இருக்கும் பழைய சங்கங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1941-இல், முசோலினி ஆட்சி சிறைவைத்த கைதிகள் வெந்தோத்தேனே என்ற சின்னத் தீவில் ஓர் அறிக்கை எழுதினார்கள். அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்தோ ரொஸ்ஸியும் முக்கியமானவர்கள். போர் முடிந்த பின் ஐரோப்பா ஒரு கூட்டாட்சியாக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஹிட்லர் படை கண்டம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது! அதை ரகசியமாகத் தீவிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்ததுதான் 1946-இல் உருவான ஐரோப்பியக் கூட்டாட்சியாளர் சங்கம். இளைஞர்களுக்கு அதன் துணையாக 'ஜெஃப்' என்ற அமைப்பு இருக்கிறது. ஜெர்மனியில் 'யூரோப்பா ஊனியோன்', பல நாடுகளில் 'ஐரோப்பிய இயக்கம்' என்ற பெயர்களில் கிளைகள் இருக்கும். கட்சி சார்பு கிடையாது.

2016-இன் முடிவில் பிராங்க்ஃபர்ட்டில் 'பல்ஸ் ஆஃப் யூரோப்' தொடங்கியது. பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் வெளியேறும் முடிவு தந்த அதிர்ச்சியில், 'அடுத்தது நம் நாடாக இருக்கக் கூடாது' என்று ஒரு தம்பதி தொடங்கியது. 2017 வசந்தத்தில் ஞாயிறு மதியம் பல நகரச் சதுக்கங்களில் நீலக் கொடியோடு மக்கள் கூடினார்கள். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து சில நிமிடம் பேசலாம். எதற்கு எதிராக என்றில்லாமல், எதற்கு ஆதரவாக என்று பேசக் கூடிய கூட்டம் என்பதுதான் என்னை இழுத்தது.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது பயமாக இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் நான் முதலில் போனபோது இருந்தவர்கள் எட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். காபியும் பிளம்ஸ் கேக்கும் இருந்தன. என் மொழி தடுமாறியது. யாரும் என்னை எந்த நாடு என்று கேட்கவில்லை, பதாகையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அவ்வளவுதான் தொடக்கம். அடுத்த மாதம் நாற்காலி எடுத்து வைத்தேன். அதற்கடுத்த மாதம் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தருகிறேன் என்று நானே சொன்னேன், அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இந்தச் சங்கங்களுக்கு இளையவர்களும் பல நாட்டுப் பின்னணி உள்ளவர்களும் கிடைப்பதில்லை. நீங்கள் போனால் அவர்களுக்குத்தான் உதவி. அமைதியான, முறையாக அறிவிக்கப்பட்ட கூட்டத்தில் கலந்துகொள்ள விசாக்காரர்களும் தயங்க வேண்டியதில்லை.

8. சகோதர நகரம்

உங்கள் ஊர் எல்லையில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள். அதற்குக் கீழே நாலைந்து வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள் இருக்கலாம். அவை உங்கள் ஊரின் சகோதர நகரங்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியின் லுட்விக்ஸ்பூர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் 1950-இல் கைகோத்தார்கள், போர் முடிந்து ஐந்தே ஆண்டில். பிள்ளையை இழந்த வீடுகளில், எதிரி நாட்டுப் பிள்ளை விருந்தாளியாக வந்து தங்கியது. 1963-இல் ஜெர்மன் பிரதமர் அடெனாவரும் பிரெஞ்சு அதிபர் தெ கோலும் எலிசே என்ற நட்பு ஒப்பந்தம் போட்ட பிறகு இது வெள்ளமாகப் பெருகியது. இன்று இந்த இரு நாடுகளுக்கு இடையில் மட்டும் 2,000-க்கும் அதிகமான ஊர் இணைப்புகள் இருக்கின்றன.

பல ஊர்களில் இதை நடத்தும் குழு வயதாகி ஓய்ந்துவருகிறது. ராட்ஹவுஸில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'சகோதர நகரக் குழுவை யார் நடத்துகிறார்கள்' என்று கேளுங்கள். விருந்தாளிக்கு உங்கள் வீட்டில் ஓர் அறை கொடுப்பது பெரிய உதவி. விருந்தோம்பலில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலையில் இட்லியும் சாம்பாரும் போட்டு அனுப்பிய பிரெஞ்சுத் தம்பதி எங்களுக்கு இன்றும் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறார்கள்.

9. பிள்ளைகள்

வேறு நாடு போய்ப் படிக்க உதவும் ஒன்றியத் திட்டமான எராஸ்மஸ் 1987-இல் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் என்று நம் பெற்றோர் நினைக்கிறார்கள். தொழிற்பயிற்சி பெறுபவர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்கூட இப்போது அதில் இடமுண்டு. 18 வயதில் 'டிஸ்கவர் ஈ.யூ.' திட்டத்துக்கு விண்ணப்பித்தால், தேர்வாகிறவர்களுக்கு 30 நாள் வரை சுற்றிவர ரயில் பாஸ் இலவசம். 18 முதல் 30 வயது வரை 'ஐரோப்பிய ஒற்றுமைப் படை'யில் வேறு நாடு போய்த் தொண்டு செய்யலாம். பயணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் கிடைக்கும். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பிள்ளை திரும்பி வந்து பேசுவதை ஒரு முறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

10. குடும்ப வாட்ஸ்அப்பில்

நம் குழுக்களில் ஒன்றியம் பற்றி வரும் செய்திகளில் பாதி அரைகுறை. வளைந்த வாழைப்பழத்தை பிரஸ்ஸல்ஸ் தடை செய்தது என்ற கதை புகழ்பெற்றது. 1994-இல் வாழைப்பழத் தரம் பற்றி ஒரு விதி வந்தது உண்மை, அளவுக்கு மீறிய வளைவு பற்றி அதில் ஒரு வரி இருந்ததும் உண்மை. இயல்பாக வளைந்த பழத்தை யாரும் தடை செய்யவில்லை. இப்படிப் பாதி உண்மை உள்ளதுதான் வேகமாகப் பரவும். மறுக்கும்போது 'முட்டாள்தனம்' என்று தொடங்காதீர்கள். 'இதில் இவ்வளவு சரி, இது தவறு' என்று பிரித்துச் சொன்னால் பெரியப்பாவும் கேட்பார்.

ஒன்றியத்தை ஆதரிப்பதால் அது செய்வதையெல்லாம் ஆதரிக்க வேண்டும் என்றில்லை. மத்தியதரைக் கடலில் படகுகள் மூழ்கி மக்கள் சாவது எனக்குத் தாங்க முடியாத வலி. நம் இனத்தில் எத்தனை பேர் அப்படி எல்லை தாண்டி வந்தவர்கள்! அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்கிறேன், உறுப்பினருக்கு எழுதுகிறேன். வீட்டின் ஓட்டை பற்றி வீட்டுக்காரர்தான் சத்தம் போட வேண்டும்.

11. நீங்களே ஒன்று நடத்துவது

மே 9 ஐரோப்பா நாள். 1950-இல் அதே தேதியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரோபேர் ஷூமான், பிரான்சும் ஜெர்மனியும் நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தில் வைப்போம் என்று அறிவித்தார். போர்த் தளவாடத்துக்குத் தேவையான இரண்டு பொருள்கள் அவை. அவற்றைக் கூட்டாக வைத்தால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாது. ஊரில் ஒரு மேசை போட இதைவிட நல்ல நாள் கிடையாது.

மூன்று பேர் போதும். ஆறு வாரம் முன்பே நகராட்சியில் இடம் கேளுங்கள், நடைபாதையில் மேசை போட அனுமதி வேண்டும். ஜெர்மனியில் கூட்டமாக நின்று பேசுவதென்றால், பொதுவாக அழைப்பை வெளியிடுவதற்கு 48 மணி நேரம் முன்பே உரிய அலுவலகத்தில் அறிவித்துவிட வேண்டும். யூரோப் டைரக்ட் மையத்தில் கேட்டால் வரைபடம், சிறுவர் புத்தகம், துண்டுப் பிரசுரம் எல்லாம் இலவசமாகத் தருவார்கள். உரை வேண்டாம். பெரிய வரைபடம் ஒன்றை விரித்து வைத்து, வருகிறவர்களை 'உங்கள் சொந்தக்காரர் எந்த ஊரில்?' என்று கேட்டு ஒரு ஊசி குத்தச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் வரைபடம் நிறைந்துவிடும், பேச்சு தானாக வரும். வடை சுட்டுக் கொண்டுபோனால் கூட்டம் இரட்டிப்பாகும், விற்பதற்கு மட்டும் தனி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இருந்தால் டிராம் டி-யில் கடைசி நிறுத்தமான கேல் ராட்ஹவுஸில் இறங்கி வாருங்கள். ஆற்றங்கரையில் காற்று பலமாக அடிக்கும். பிரசுரங்கள் மேல் வைக்க நாலு கூழாங்கல் எடுத்துக்கொள்ளுங்கள்.